தலைகீழ்ப் புத்தகமும் கொசுவலைப் பையும்

எங்கள் வகுப்பறை எங்களுக்குப் பாதி நாள்தான். தாராவியில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. காலையில் தமிழ் வழி இரண்டாம் வகுப்பு, மதியம் அதே அறையில் மராத்தி வழி இரண்டாம் வகுப்பு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. மொழி எட்டு இருந்தாலும் தாராவியில் இடம் என்னவோ இருக்கிற இடம்தான். எங்கள் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவர்கள் படியேறி வருவார்கள். படிக்கட்டில் இடித்துக்கொள்வதோடு இரண்டு கூட்டத்துக்கும் உறவு முடிந்தது.

உறவு என்றால், சண்டையும் உண்டு. "மதியப் பிள்ளைங்க என் பென்சிலை எடுத்துட்டாங்க டீச்சர்" என்பது எங்கள் வகுப்பின் காலை வணக்கம். மதிய டீச்சரிடம் கேட்டால் அவருக்கும் தினம் இதே புகார், காலைப் பிள்ளைகள் மேல்.

இந்த அறையில் ஒரு வாசிப்பு மூலை அமைக்க வேண்டும், சுவரைக் கொஞ்சம் கலகலப்பாக்க வேண்டும், அதோடு பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் பிரியமாக நடந்துகொள்ளவும் பழக வேண்டும் என்று ஹெச்.எம். சொன்னார். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

ஆணி இல்லாவிட்டால் என்ன, ஒட்டலாமே என்று தோன்றும். மும்பையில் பள்ளி திறப்பது ஜூன் நடுவில், மழையும் அப்போதுதான் இறங்கும். எங்கள் சுவரில் கீழே நாலடி உயரத்துக்கு ஆயில் பெயின்ட், அதற்கு மேல் டிஸ்டெம்பர். ஈரக் காற்றில் ஆயில் பெயின்ட் வியர்க்கும், அதில் டபுள் சைடு டேப் நிற்காது. டிஸ்டெம்பரில் ஒட்டினால் டேப் விழும்போது சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு வரும். சார்ட் பேப்பர் ஒரே வாரத்தில் ஓரம் சுருண்டு அப்பளமாகிவிடும். மைதாப் பசை காய்ச்சி ஒட்டலாம் என்றால் கரப்பானுக்கும் எலிக்கும் விருந்து. பழைய பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், ஏழு வயதுப் பிள்ளைகள் கைபடும் இடத்தில் நினைத்தே பார்க்கக் கூடாது. தெர்மாகோல் அலங்காரத்துக்கு மகாராஷ்டிரத்தில் 2018-லேயே தடை வந்துவிட்டது. அது இல்லாமல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை, தூளாகி மூக்கில் ஏறும் பொருள்.

ஆக, சுவரைத் தொடாமல், தொங்கவிட்டு, வேண்டும்போது சுருட்டி வைக்கிற மாதிரிதான் எதையும் செய்ய முடியும். தாராவியில் அதற்கு ஏற்ற சரக்கு துணிதான். சந்துக்குச் சந்து தையல் பட்டறை. மாலையில் வெட்டுத் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாசலில் போட்டிருப்பார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பார், இல்லாவிட்டால் அம்மா பீஸ் கணக்கில் நூல் வெட்டிக்கொண்டிருப்பார்.

முதலில் தோரணம். அடிப்பக்கம் ஆறு அங்குலம், உயரம் எட்டு அங்குலம், இதுதான் முக்கோணம். பட்டறைகளில் சாம்பிள் துணி வெட்ட ஜிக்ஜாக் கத்தரி வைத்திருப்பார்கள். அதில் வெட்டினால் ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். மேல் ஓரத்தில் பருத்தி நாடா வைத்து ஒரே ஓட்டாகத் தைத்துவிட்டார் ஒரு மாணவனின் அப்பா. ஒவ்வொரு முக்கோணத்திலும் ஒரு பிள்ளையின் பெயர், துணி மார்க்கரில், அவரவர் கையெழுத்தில். காலைப் பிள்ளை ஒன்று, அடுத்தது மதியப் பிள்ளை, இப்படி மாற்றி மாற்றி. ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்கு நைலான் கயிற்றில் கட்டினோம். மின்விசிறி இறக்கையிலிருந்து இரண்டடியாவது தள்ளிக் கட்டுங்கள். கரும்பலகைச் சுவரில் எதுவுமே கட்டாதீர்கள்.

கரும்பலகைச் சுவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்தினார்கள். சில பாடங்கள் சுவரெல்லாம் படம் ஒட்டிய அறையில், சில வெறும் சுவர் அறையில். படம் நிறைந்த அறையில் பிள்ளைகள் பாடத்தை விட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த நேரம் கிட்டத்தட்ட 39 சதவீதம், வெறும் அறையில் 28. பாடத்துக்குப் பின் வைத்த தேர்விலும் வெறும் அறையில் நடந்த பாடங்களுக்கே மதிப்பெண் மேல்: 55 சதவீதம், மற்றவற்றுக்கு 42. சிறிய ஆய்வுதான். ஆனால் பின்பெஞ்சிலிருந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கிற எந்த டீச்சரும் நம்புகிற விஷயம். அதனால் அலங்காரம் எல்லாம் பின்சுவருக்கும் ஜன்னல் பக்கத்துக்கும் போனது. "அன்பாய் இரு" என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டும் பலகையை நான் எங்கேயும் வைக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அது யார் கண்ணிலும் படாது.

அடுத்தது புத்தகப் பை. வகுப்பில் ஏற்கெனவே ஒரு தகரப் பெட்டியில் புத்தகங்கள் இருந்தன, பூட்டோடு. அலமாரியாகவே இருந்தாலும் புத்தகத்தின் முதுகுதான் தெரியும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை முதுகைப் பார்த்துப் புத்தகம் எடுக்காது, அட்டைப் படம் தெரிய வேண்டும். கடையில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் வைத்த பைகள் கிடைக்கின்றன. மழைக்காலத்தில் அதற்குள் ஆவி கோத்துப் புத்தகம் பூஞ்சை பிடிக்கும். அதனால் முன்பக்கத்துக்குக் கொசுவலை. அட்டையும் தெரியும், காற்றும் போகும்.

அளவுகள் சொல்லிவிடுகிறேன், யாராவது தைக்கிறவர்கள் இருந்தால் உதவும். பின்துணி கெட்டியான காடா, அகலம் 48 அங்குலம், உயரம் 36. மூன்று வரிசை, வரிசைக்கு நாலு பை. வலைப் பட்டை ஐந்து அங்குல உயரம் இருந்தால் போதும், ஏ5 அளவுப் புத்தகத்தின் மேல் மூன்று அங்குலம் வெளியே நிற்கும், கை வைத்து எடுக்கலாம். வலையின் நீளத்தை 48 என்று வெட்டிவிடாதீர்கள், 56 வேண்டும். ஒவ்வொரு பைக்கும் இரண்டு அங்குலம் கூடுதல். அதைக் கீழ் ஓரத்தின் இரு மூலைகளிலும் சின்ன மடிப்பாக வைத்துத் தைத்தால்தான் புத்தகத்தின் தடிமனுக்கு இடம் கிடைக்கும். தட்டையாகத் தைத்த பையில் ஒரு புத்தகம் நுழைந்தால் பக்கத்துப் பை இழுபடும். வலையின் மேல் ஓரத்தில் எலாஸ்டிக் வேண்டாம், ஈரத்தில் சீக்கிரமே தொய்ந்துவிடும்; பருத்தி நாடா வைத்து மூடித் தையுங்கள். இழுவை எல்லாம் பையின் மேல் மூலையில்தான் விழும், அங்கே முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை ஓட்டிவிடுவது நல்லது.

துணியின் மேலும் கீழும் உறை மாதிரி மடித்துத் தைத்து, எலக்ட்ரிக் வயரிங்குக்குப் போடும் முக்கால் அங்குலப் பிவிசி பைப்பை உள்ளே செருகினோம். மேல் பைப் ஜன்னல் கம்பியில் தொங்கும். கீழ் பைப், துணி காற்றில் ஆடாமல் இழுத்துப் பிடிக்கும். தரையிலிருந்து இரண்டடியில் கீழ் விளிம்பு. அப்படி வைத்தால் மேல் வரிசை அட்டைகள் ஏழு வயதுப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் உயரத்துக்குள் அடங்கும். நம் கண் உயரத்தில் மாட்டுவது பெரியவர்களுக்குப் பழகிப்போனது, பள்ளி உதவியாளர் மௌசி கூட, "இவ்வளவு கீழேயா டீச்சர்?" என்று கேட்டார். கீழ் மடிப்பில் வசம்புத் துண்டுகளைச் சின்ன முடிச்சாகக் கட்டித் தைத்தோம். ஓலைச்சுவடி காலத்து வைத்தியம். புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சி இன்னும் வரவில்லை. பிள்ளைகள் மோந்து பார்த்து மூக்கைச் சுளிப்பது தனி வேடிக்கை.

இதுவரை தையல் வேலை. புத்தகத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது.

பை ஜன்னலில் தொங்குகிறது, மதியப் பிள்ளைகளும் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள். அதில் தமிழ்ப் புத்தகம் மட்டும் இருந்தால் அது அவர்களுக்கு இன்னொரு பூட்டிய பெட்டி. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல இந்திய மொழிகளில் இருக்கும், தமிழிலும் மராத்தியிலும் தேடி எடுக்கலாம். திறந்த உரிமத்தில் வருவதால் பதிவிறக்கி அச்சடிப்பதில் தடையில்லை. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் வெட்டி எறியாமல் சேர்த்துக் கட்ட வேண்டும். இப்படி ஒரே கதையை இரண்டு மொழியிலும் எடுத்து ஒரே புத்தகமாகக் கட்டினோம். ஒரு பக்கம் திறந்தால் தமிழ். புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினால் அந்தப் பக்கம் மராத்தி. முன்னட்டை இரண்டு, பின்னட்டை கிடையாது.

கட்டும் விதம் இது. ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம், எனவே பக்கங்கள் நாலின் மடங்காக இருக்க வேண்டும். பிரிண்ட் கடையில் 'புக்லெட்' என்று சொன்னால் வரிசை மாற்றி அடித்துத் தருவார்கள். பதினாறு பக்கக் கதைக்கு நாலு தாள். மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி, மடிப்பில் குத்தூசியால் மூன்று ஓட்டை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி ஒவ்வொன்று. ஊசியை உள்ளேயிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே எடுங்கள். மேல் ஓட்டையில் உள்ளே விடுங்கள். உள்பக்கமாகவே நடு ஓட்டையைத் தாண்டிக் கீழ் ஓட்டைக்குப் போய் வெளியே எடுங்கள். மறுபடி நடு ஓட்டையில் உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே இருக்கும். நடுவே ஓடுகிற நீள நூலின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வரும்படி வைத்து முடிச்சுப் போட்டால் அசையாது. நூல், செருப்புத் தைக்கிற மெழுகு நூல். தோல் வேலை நடக்கும் தாராவியில் அதற்கா பஞ்சம்!

இப்படித் தைத்த தமிழ்க் கதையையும் மராத்திக் கதையையும் பின்பக்கத்தோடு பின்பக்கம் ஒட்டும்படி வைக்க வேண்டும். ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் வைத்தால்தான் இரண்டின் மடிப்பும் ஒரே பக்கம் வரும். இரண்டையும் நேராக வைத்தால் மடிப்புகள் எதிரெதிராகப் போய்ப் புத்தகம் இசட் மாதிரி விரியும். நடுவில் ஒரு வெள்ளை சார்ட் அட்டை, முதுகில் துணிப் பட்டை, ஃபெவிகால், மேலே கனம் வைத்து ஒரு ராத்திரி. மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போதாது, சனி ஞாயிறு விட்டுவிடுங்கள்.

கலர் பிரிண்ட் எங்கள் ஏரியாவில் ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்கு 10 ரூபாய். இரண்டு மொழிக்கும் எட்டுத் தாள், இரு பக்கமும் சேர்த்து ஒரு புத்தகத்துக்கு 160 ஆகிறது. ஒரு மொழியைக் கலரிலும் மற்றதைக் கருப்பு வெள்ளையிலும் அடித்தால் மிச்சமாகும் என்று கடைக்காரர் யோசனை சொன்னார். அது கூடாது. எந்த மொழியைக் கருப்பு வெள்ளை ஆக்குவது என்பதைப் பிள்ளைகள் முன்னால் எப்படி முடிவு செய்வது? குறைவாக அடித்தோம், இரண்டையும் கலரில்.

நடுவில் வைத்த அந்த வெள்ளை அட்டைக்கு ஒரு விதி: இந்தப் பக்கம் நாங்கள் பார்க்க அவர்கள் வரைவார்கள், அந்தப் பக்கம் அவர்கள் பார்க்க நாங்கள் வரைவோம். எழுத்து தெரிந்தால் எழுதலாம். எங்கள் பிள்ளைகளுக்குத் தெருவில் விளையாடியே மராத்தி பேச வரும், எழுதத்தான் தடுமாற்றம். ஸ்டார், ஸ்டிக்கர், பரிசு எதுவும் கிடையாது. மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2008-ல் ஒன்றரை வயது தாண்டிய, இருபது மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உதவி செய்ததற்குப் பொம்மை வாங்கிய குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றக் குழந்தைகளை விடக் குறைவாகவே உதவினார்கள். நல்லது செய்தால் ஸ்டார் என்று ஒரு பலகை வைத்தால் எங்கள் வகுப்பில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: ஒருவன் ரப்பரைக் கீழே போடுவான், இன்னொருவன் எடுத்துக் கொடுப்பான், இருவரும் கையைத் தூக்குவார்கள்.

ஸ்டோரிவீவர் கதைகளோடு, நானே எழுதி, பழைய காலண்டர் படம் வெட்டி ஒட்டிய ஒரு கதையும் பையில் உண்டு. மழையில் ஒரு துணிக்கடை வாசல், நனைந்து வந்து ஒதுங்கும் நாய்க்குட்டி, குச்சி எடுக்கும் கடைக்காரர், பார்த்துக்கொண்டு நிற்கும் சிறுமி. மிருகங்களே பேசுகிற கதையாக வேண்டாம் என்று மனிதர்களை வைத்தேன். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 2017-ல் வந்த ஆய்வு ஒன்றில், பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடு கேட்ட நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்னைவிட அதிகம் பகிர்ந்தார்கள், மிருகப் பாத்திரங்களோடு கேட்டவர்கள் அப்படிச் செய்யவில்லை. அதற்காக நரியையும் காக்கையையும் நாடு கடத்த வேண்டியதில்லை. அவை இருக்கட்டும், சிரிக்க.

கதையைச் சத்தமாக வாசிக்கும்போது, குச்சி எடுக்கும் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "கடைக்காரர் செய்தது சரியா?" என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் "தப்பூ" என்று இழுப்பார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது பெஞ்சு எழுந்தது.

"துணிக்கடைன்னா நாய் உதறுனா துணியெல்லாம் வீணாயிரும்லா டீச்சர்? காசு யாரு குடுப்பா?"

பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு ஒரு பீஸ் கறை பட்டால் கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது வரைக்கும் தெரியும். இன்னொருத்தி, "அதுக்காக அடிக்கணுமா?" என்றாள். அப்புறம் வகுப்பு இரண்டாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் டீச்சர் தீர்ப்புச் சொன்னால் கதை அதோடு முடிந்தது. கடைசியில் முன்பெஞ்சுக் குட்டி ஒன்று, "எங்க வீட்டு ஏணிக்கடியில சாக்கு போட்டா நனையாது. கடையிலயும் ஏணி இருக்கும்லா?" என்றது. கடைக்காரரும் நஷ்டப்படாமல் நாய்க்குட்டியும் நனையாமல் ஒரு வழி. நான் எழுதிய முடிவை விட இது நன்றாக இருந்ததால் கடைசிப் பக்கத்தின் மேல் வேறு காகிதம் ஒட்டி மாற்றிவிட்டேன். மதிய டீச்சர் மராத்திப் பக்கத்தையும் மாற்றினார்.

நடு அட்டை முதலில் சாதாரணமாகத்தான் ஓடியது. எங்கள் ஆட்கள் பூ, தேசியக் கொடி, கிரிக்கெட் மட்டை வரைந்தார்கள். அங்கிருந்து பிள்ளையார், ரயில், மறுபடி பிள்ளையார். ஒரு நாள் வந்த படம் யாருக்கும் புரியவில்லை. ஒரு பெஞ்சு, அதன் காலில் ஓர் அம்புக்குறி, காலுக்குள் நீளநீளமாக மஞ்சள் கோடுகள். கீழே மராத்தியில் ஒரே வார்த்தை, எங்கள் பிள்ளைகளே எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்: பென்சில்.

எங்கள் பெஞ்சுகள் சதுர இரும்புக் குழாயில் செய்தவை. குழாய் முனையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடி பலவற்றில் எப்போதோ போய்விட்டது. மேஜைப் பலகை லேசாகச் சாய்வு. பென்சில் உருண்டு ஓரத்துக்கு வந்தால் நேராகத் திறந்த குழாய்க்குள். பெஞ்சைக் கவிழ்த்தோம். மௌசியும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். கொட்டியது பாருங்கள்: பென்சில், பென்சில், சாக்பீஸ் துண்டு, ஐஸ்கிரீம் குச்சி, மறுபடி பென்சில். அடுத்த பெஞ்சு, அதற்கடுத்தது. காலையிலும் மதியத்திலும் திருடர் என்று பெயர் வாங்கியிருந்த எத்தனையோ பேரின் வழக்கு அன்றைக்குத் தள்ளுபடியானது.

யாருடைய பென்சில் எது என்பது அடுத்த பஞ்சாயத்து. கடித்த தடத்தை வைத்து இரண்டு பேர் தங்களுடையதை அடையாளம் சொன்னார்கள், பல்லைக் காட்டியே நிரூபித்தார்கள். மீதியை ஒரு டப்பாவில் போட்டுப் பையின் கடைசிப் பொக்கணத்தில் வைத்துவிட்டோம், இரண்டு ஷிஃப்டுக்கும் பொது. குழாய் முனைகளில் வெட்டுத் துணி அடைத்து மூடியது எங்கள் பிள்ளைகள். யாரும் சொல்லாமல், மதியப் பிள்ளைகள் உட்காரும் பக்கத்து முனைகளையும் சேர்த்தே அடைத்தார்கள். இப்போதும் பென்சில் காணாமல் போகிறது, ஆனால் முதலில் பெஞ்சுக்குள் தேடுகிறார்கள், புகார் அதற்கப்புறம்தான்.

கணக்குப் பார்த்தால் காடா, வலை, நாடா, பைப், கயிறு எல்லாம் சேர்ந்து 1,100 ரூபாய்க்குள் முடிந்தது, அச்சுச் செலவு தனி. வெட்டுத் துணிக்கு யாரும் காசு வாங்கவில்லை. பட்டறைக்குப் போகும்போது மாலையில் போங்கள். காலையில் போனால் ஆர்டர் அவசரத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

பழுது என்று பார்த்தால் வலைதான். சுட்டுவிரலை விட்டுத் துளை பெரிதாக்குவதில் பிள்ளைகளுக்கு அப்படியொரு சுகம். அடுத்ததற்குப் பாலியஸ்டர் வலை வாங்கி வைத்திருக்கிறேன். கிழிந்த இடத்தில் வலைத் துண்டு வைத்துத் தைத்தால் மொத்தப் பட்டையையும் மாற்ற வேண்டாம். நடு அட்டை சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. ஒட்டாமல், மேலும் கீழும் துணிப்பட்டையில் செருகி எடுக்கிற மாதிரி வைத்தால் மாற்றுவது சுலபம், பழைய அட்டைகளைத் தனியாகக் கோத்து வைக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் வெள்ளிக்கிழமை மதியம் மௌசி பையைச் சுருட்டித் தகரப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். சனி ஞாயிறு மூடிக் கிடக்கும் அறையில் சாரல் அடித்தால் காடா காய இரண்டு நாள் ஆகும்.

கீழ்த்தளத்தில் தெலுங்கு வகுப்பு இருக்கிறது. அந்த டீச்சர் வந்து பார்த்துவிட்டு, மூன்று மொழியில் ஒரே புத்தகம் கட்ட முடியுமா என்று கேட்டார். தலைகீழ் என்பது இரண்டுக்குத்தான் சரிப்படும். மூன்றென்றால் இசட் மாதிரி மடித்து, முதுகை இரண்டு பக்கமும் வைத்துக் கட்ட வேண்டும். பழைய அட்டைப் பெட்டியை வெட்டி மாதிரி ஒன்று செய்து மேஜையில் வைத்திருக்கிறேன். மடிப்பில் விட்டுப் போகிறது, அங்கே துணியை இரட்டையாக ஒட்டிப் பார்க்க வேண்டும்.